மீன் செத்த செய்தியில் நேரத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன என்று ஒவ்வொரு வருஷமும் உங்கள் பக்கங்களில் செய்தி வருகிறது. வெள்ளையாக வயிறு காட்டி மிதக்கும் மீன்களின் படம் இருக்கும், துர்நாற்றம் தாங்க முடியவில்லை என்று மக்கள் சொன்னது இருக்கும், தண்ணீர் மாதிரி ஆய்வுக்கு அனுப்பப்பட்டுள்ளது என்ற கடைசி வரியும் தவறாமல் இருக்கும். அதோடு சரி. ஆய்வில் என்ன தெரிந்தது, செத்தது எந்தெந்த மீன், ராத்திரியா பகலா, பிறகு அந்த இடத்தில் மீன் திரும்பி வந்ததா, இதில் ஒன்றுகூட அடுத்த நாளும் வருவதில்லை, அடுத்த மாதமும் வருவதில்லை. நிருபர் அங்கே நேரில் போய் நிற்கிறார், கேட்டால் பதில் சொல்ல ஆட்களும் இருக்கிறார்கள், ஆனால் கேட்க வேண்டியது கேட்கப்படாமல் போகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நேரம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு லிட்டர் ஆற்றுத் தண்ணீரில், வெப்பம் 30 டிகிரி இருக்கும்போது, காற்றிலிருந்து கரைந்து நிறையக்கூடிய அளவே ஏழரை மில்லிகிராம்தான். மீன் எப்போதுமே அந்தச் சொற்ப இருப்பில்தான் வாழ்கிறது. சாக்கடை கலந்து பச்சையாகிப்போன ஆற்றில் பாசி பகலில் வெயிலை வாங்கி ஆக்சிஜனை வெளிவிடும். இருட்டியதும் அது நின்றுவிடும், ஆனால் பாசி, மீன், அடியில் கிடக்கும் சகதியில் உள்ள பாக்டீரியா எல்லாமே விடியவிடிய மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அதனால் பொழுது விடிவதற்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகிறது. மத்தியானம் 10 மில்லிகிராமுக்கு மேல் காட்டும் அதே இடம் விடியற்காலையில் 2-க்குக் கீழே போயிருக்கலாம். மீன் அந்த நேரத்தில்தான் சாகிறது. விஷயம் தெரிந்து, வண்டி பிடித்து, ஆட்கள் வந்து மாதிரி எடுப்பது பதினொரு மணிக்கோ மூன்று மணிக்கோ. ஆக்சிஜன் அளவு இயல்பாக உள்ளது என்று அறிக்கை வரும். கருவியில் கோளாறு இல்லை, எடுத்தவர் பொய்யும் சொல்லவில்லை. மீன் செத்த நேரத்துத் தண்ணீர் எப்போதோ போய்விட்டது.

நம் நாட்டில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தண்ணீரை அதன் பயன்பாட்டை வைத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறது. அதில் நான்காவதான 'டி' வகுப்புதான் மீன்களும் பிற காட்டுயிர்களும் வாழ்ந்து பெருகத் தகுந்த தண்ணீர். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பி.எச். எனப்படும் கார அமில அளவு 6.5 முதல் 8.5-க்குள் இருக்க வேண்டும், தனி அம்மோனியா நைட்ரஜன் கணக்கில் 1.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இந்த எண்களைச் செய்தியில் போடும்போது எந்த மணிக்கு எடுத்தது என்று போடாவிட்டால் படிப்பவருக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. அம்மோனியாவில் மீனைக் கொல்வது அயனியாகாத, அதாவது மின்னேற்றம் பெறாத பகுதிதான். 25 டிகிரி தண்ணீரில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் இந்த நச்சுப் பகுதி ஒரு விழுக்காடுகூட வராது, பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிவிடும். பச்சைப் பாசி பகலில் பி.எச்.சை ஏற்றிக்கொண்டே போகும். ஆக, அதே ஆற்றில் ஆக்சிஜனுக்கு மோசமான நேரம் விடியற்காலை, அம்மோனியாவுக்கு மோசமான நேரம் பிற்பகல். ஒரே ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து இரண்டுக்கும் தீர்ப்பு சொல்ல முடியுமா?

அப்புறம், செத்த மீனையே கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். மூச்சுத் திணறிச் செத்த மீன் பெரும்பாலும் வாயைப் பிளந்து, செவுள் மூடி விரிந்து கிடக்கும். சாவதற்கு முன் மேற்பரப்புக்கு வந்து வாயை வாயைத் திறந்திருக்கும், கரையில் இருந்தவர்கள் அதைப் பார்த்திருப்பார்கள். ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்தான் பொதுவாக முதலில் விழும், சின்னது கடைசிவரை தாக்குப்பிடிக்கும். பூச்சிமருந்தோ ஆலை ரசாயனமோ வந்து விழுந்திருந்தால் பல சமயம் இதற்கு நேர்மாறாக நடக்கும், பொடிமீன் முதலில் போகும், தண்ணீரில் உள்ள பூச்சிகளும் இறாலும் நண்டும் சேர்ந்து சாகும், மீன் நிலைகொள்ளாமல் சுழன்று துடித்திருக்கும், நேரமும் விடியற்காலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நைட்ரைட் ஏறியிருந்தால் செவுள் சிவப்பாக இல்லாமல் பழுப்பாக இருக்கும். இதையெல்லாம் வைத்து வழக்கை முடித்துவிட முடியாது, ஆய்வகம் வேண்டும்தான். ஆனால் ஆய்வகம் எதைத் தேட வேண்டும் என்று சொல்வது இந்த முதல் ஒரு மணி நேரத் தடயங்கள்தான். வெயில் ஏற ஏற மீன் ஊதி அழுகிவிடும், அப்புறம் பொக்லைன் வந்து அள்ளிக் குழியில் போட்டு மூடிவிட்டால் தடயமே இல்லை.

எதைத் தேடுவது என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2022 கோடையில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவே ஓடும் ஓடர் ஆற்றில் நடந்ததே போதும். சுமார் 360 டன் மீன் செத்தது. முதலில் பாதரசமா, வேறு ஏதாவது விஷத்தை யாராவது கொட்டினார்களா என்று நாள் கணக்கில் தேடினார்கள். கடைசியில் காரணம் என்று தெரியவந்தது பிரிம்னீசியம் பார்வம் என்ற தங்க நிறப் பாசி. அது உவர்ப்புத் தண்ணீரில் வளர்வது, மீனின் செவுளைச் சிதைக்கும் நச்சை விடுவது. கடலிலிருந்து அவ்வளவு தூரம் உள்ளே அதற்கு உப்பு எங்கிருந்து கிடைத்தது என்றால், சுரங்கம் முதலான தொழில்களிலிருந்து ஆற்றில் விடப்பட்ட உப்புக் கழிவு. வெப்பம், ஆற்றில் தண்ணீர் குறைவு, உப்பு மூன்றும் சேர்ந்தன. ஒவ்வொரு கழிவுக் குழாயையும் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இது பிடிபட்டிருக்காது.

முதல் மழையின்போது நடக்கும் சாவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். புதுத்தண்ணீர் வந்தும் மீன் செத்தது, மர்மம் என்று செய்தி வரும். மர்மமே இல்லை. மாதக்கணக்கில் தெருவிலும் கால்வாயிலும் சேர்ந்த அத்தனை அழுக்கும் முதல் வெள்ளத்தில் ஒரே அடியாக ஆற்றுக்குள் வருகிறது, அடியில் படிந்திருந்த கறுப்புச் சகதியும் கிளறப்படுகிறது, இருக்கிற ஆக்சிஜனை அது உறிஞ்சிவிடுகிறது. லண்டனில் மழைநீரும் சாக்கடையும் நிரம்பி தேம்ஸ் ஆற்றில் வழியும் நாட்களுக்காகவே தண்ணீருக்குள் ஆக்சிஜனைச் செலுத்தும் படகுகளை வைத்திருந்தார்கள்.

சரி, மீன் சாகவில்லை என்றால் ஆறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? இங்கேதான் எனக்கு மிகுந்த கவலை. விரால், குரவை, தேளி, பனையேறிக் கெண்டை எல்லாம் மேலே வந்து காற்றையே நேராக மூச்சாக இழுத்துக்கொள்ளக் கூடியவை. ஜிலேபி எனப்படும் திலேப்பியா எந்தத் தண்ணீரிலும் சமாளிக்கும். ஓடும் தெளிந்த நீரும் கூழாங்கல்லும் கேட்கிற மீன்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகும் இவை இருக்கும். வலை போட்டால் மீன் வரும். எடை போட்டால் முன்பு கிடைத்த எடையே வரும். ஆனால் இருபது முப்பது வகை இருந்த இடத்தில் நாலைந்து வகைதான் இருக்கும். இது யாரும் படம் எடுக்காத சாவு. ஒரு நாளில் நடக்காததால் செய்தியாகவும் ஆவதில்லை.

கம்போடியாவின் டோன்லே சாப் ஏரியிலிருந்து மீகாங் நோக்கிப் போகும் ஆற்றில் வரிசையாகப் பெரிய பை வலைகளைக் கட்டிப் பிடிக்கும் தொழில் ஒன்று உண்டு. அதன் பதினைந்து ஆண்டுக் கணக்கை எடுத்து 2018-இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தப் பிடி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் பார்த்த 116 வகைகளில் 78 விழுக்காடு வகைகளின் பிடி இறங்கிக்கொண்டே போயிருந்தது. பெரிய உடல் கொண்ட மீன்கள் போய், சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் முட்டையிடும் சின்ன மீன்கள் அந்த எடையை நிரப்பியிருந்தன. டன் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு எல்லாம் நன்றாக இருந்திருக்கும். நம் ஊர்களின் உள்நாட்டு மீன்பிடிக் கணக்கும் டன்னில்தான் செய்தியில் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இப்படி மீனை வைத்தே ஆற்றை அளக்கும் முறை புதிதில்லை. ஜேம்ஸ் கார் என்ற அமெரிக்க அறிஞர் 1981-இலேயே அதற்கு ஒரு குறியீட்டை உருவாக்கினார். எத்தனை வகை, அதில் மாசைத் தாங்காத வகை எத்தனை, தாங்குகிற வகையின் பங்கு எவ்வளவு, பூச்சி தின்பவை எத்தனை, மற்ற மீனைத் தின்னும் மீன் இருக்கிறதா, புண்ணும் கட்டியுமாக இருப்பவை எத்தனை என்று பார்த்து மதிப்பெண் போடுவது. ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த தண்ணீர்ச் சட்டத்தில் ஓர் ஆற்றின் நிலையை முடிவு செய்ய ரசாயன அளவுகளோடு மீன்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று இருக்கிறது. பாட்டிலில் எடுத்த தண்ணீர் அந்த நிமிஷத்தைத்தான் சொல்லும். மூன்று வயது மீன் மூன்று வருஷத்தைச் சொல்லும்.

மீன் செத்த செய்திக்குப் பின்னாலேயே இன்னொரு படம் வருவதுண்டு, முக்கிய பிரமுகர்கள் பாலிதீன் பையிலிருந்து குஞ்சுகளை ஆற்றில் விடுவது. நல்ல எண்ணம்தான், யாரையும் சந்தேகப்படவில்லை. ஆனால் எந்த வகைக் குஞ்சு, எங்கிருந்து வந்தது, அந்த ஆற்றுக்கு அது சொந்தமா என்று கேட்டு எழுதுங்கள். காவிரியில் 50 கிலோவுக்கு மேல் வளரக்கூடிய கூன்முதுகு மஹ்சீர் என்ற மீன் இருக்கிறது, காவிரிப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. அதைப் பெருக்குவதாக நினைத்து 1970களிலிருந்து பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மஹ்சீர் குஞ்சுகளை விட்டார்கள், அது காவிரிக்கு உரியதே இல்லை. வந்த மீன் பெருகியது, இருந்த மீன் அருகியது. 2018-இல்தான் கூன்முதுகு மீன் டோர் ரெமாதேவியி என்ற இனம் என்று உறுதியானது, அதே வருஷம் அது அழிவின் விளிம்பில் உள்ளதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. அறிவியல் பெயர் உறுதியாவதற்குள்ளேயே ஒரு பெரிய மீனை ஏறக்குறைய இழந்துவிட்டோம். மணல் அள்ளியதும், அணைகளும், வெடி போட்டுப் பிடித்ததும் இதில் சேர்ந்தவைதான். ஆனால் நன்மை செய்வதாக நினைத்து விட்ட குஞ்சும் காரணம் என்பது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அணை என்றதும் வலசை போகும் மீன்கள் நினைவுக்கு வருகின்றன. 1975-இல் பராக்கா தடுப்பணை வந்த பிறகு கங்கையில் அலகாபாத் வரை ஏறிக்கொண்டிருந்த ஹில்சா மேலே வருவது ஏறக்குறைய நின்றே போனது. சீனாவின் யாங்சி ஆற்றில் துடுப்பு மீனின் பாதையை 1981-இல் கெசோபா அணை அடைத்தது, கடைசியாக 2003-இல் அது கண்ணில் பட்டது, 2022-இல் அழிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முட்டையிடப் போக வழி இல்லாவிட்டால் பயன் இல்லை.

ஆற்றில் மீன் பிடிப்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மின்சாரம் பாய்ச்சுவது, வெடி போடுவது, பிளீச்சிங் பவுடர் கொட்டுவது, கொசுவலை போன்ற வலையில் குஞ்சோடு அள்ளுவது, சினை மீன் புதுத்தண்ணீரை எதிர்த்து ஏறும் நேரத்தில் குறுக்கே அடைத்துப் பிடிப்பது, இவையெல்லாம் நடக்கின்றன, இவை குற்றம், இவற்றை யாரும் நியாயப்படுத்தக் கூடாது. ஆனால் செய்திகளில் மீனவர் வருவது இரண்டே இடத்தில், ஒன்று குற்றவாளியாக, இல்லையென்றால் நிவாரணம் கேட்பவராக. ஆற்றைப் பற்றித் தெரிந்தவராக அவர் வருவதே இல்லை. வீச்சு வலையோடு விடியற்காலை நாலு மணிக்குத் தண்ணீரில் நிற்கிறவரைத் தவிர வேறு யாருக்கு அந்த நாலு மணித் தண்ணீரின் வாடை தெரியும்? எந்தக் கெண்டை எந்த வருஷத்திலிருந்து வலையில் விழுவதில்லை, எந்த மடு தூர்ந்தது, எந்தக் குழாயிலிருந்து ராத்திரியில் மட்டும் நுரை வருகிறது என்பதெல்லாம் எந்தக் கோப்பிலும் இல்லை, அவர்களிடம்தான் இருக்கிறது.

அவர்களின் கண்ணை நம்பலாமா என்று கேட்பவர்களுக்குப் பிரேசிலிலிருந்து ஒரு பதில் இருக்கிறது. அமேசானின் பிராருக்கு என்ற ராட்சத மீன் காற்றை மூச்சாக இழுக்க அடிக்கடி மேலே வந்தே ஆக வேண்டும். மாமிராவா காப்பகத்தில் மீனவர்களே படகில் உட்கார்ந்து, 20 நிமிஷத்துக்குள் மேலே வரும் மீன்களை எண்ணிக் கணக்கு எடுக்கிறார்கள். தண்ணீரின் அசைவையும் சத்தத்தையும் வைத்தே ஒரு மீனை இன்னொரு மீனிலிருந்து பிரித்துச் சொல்வார்கள். மீனைப் பிடித்து அடையாளமிட்டு விட்டு மறுபடி பிடித்து எண்ணும் அறிவியல் முறையோடு இதை ஒப்பிட்டு 2004-இல் வெளியான ஆய்வு, இரண்டும் நெருக்கமாக ஒத்துப்போனதாகச் சொன்னது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எவ்வளவு பிடிக்கலாம் என்று முடிவு செய்தார்கள், மீன் பல மடங்கு பெருகியது.

தாய்லாந்தில் சால்வீன் படுகையில் உள்ள ஙாவ் ஆற்றிலும் இப்படித்தான். கிராமத்தார் அவரவர் எல்லையில் ஆற்றின் ஒரு சிறு பகுதியில் மட்டும் மீன் பிடிப்பதில்லை என்று தாங்களே முடிவு செய்து, தாங்களே காவல் காக்கிறார்கள். அப்படி 23 இடங்களை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட முடிவில், பிடிக்கும் பகுதிகளைவிடக் காத்த பகுதிகளில் மீன் வகைகள் சராசரியாக 27 விழுக்காடு கூடுதல், மீன்களின் மொத்த எடை 20 மடங்குக்கும் மேல். பெரிய சரணாலயம் எதுவும் இல்லை, பெரும்பாலும் கூப்பிடு தூரத்துக்குள் அடங்கும் இடங்கள். மீன் பிடிப்பவர்கள் ஆற்றுக்கு எதிரி என்று எழுதிக்கொண்டிருப்பதை விட இது போல ஒன்றை நம் ஆறுகளில் யார் செய்கிறார்கள் என்று தேடி எழுதலாம்.

ஆறு திரும்ப வராது, எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. தேம்ஸ் ஆற்றை 1957-இல் உயிரற்றது என்றே லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சொன்னது. கழிவுநீர் நிலையங்களைச் சீர்செய்த பிறகு இப்போது அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் பதிவாகியிருக்கின்றன. ரைன் ஆற்றில் 1986 நவம்பர் 1-ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகில் ரசாயனக் கிடங்கு தீப்பிடித்து, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிமருந்து ஆற்றில் கலந்தது. சுமார் 400 கிலோமீட்டர் தூரத்துக்கு விலாங்கு மீன்கள் செத்தன. அதற்கு அடுத்த வருஷம் கரையோர நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டன. அதில் மாசைப் பாதியாகக் குறைப்பது போன்ற எண்கள் இருந்தன, ஆனால் மக்கள் மனதில் நின்ற இலக்கு வேறு. 2000-க்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அது. ஒரு மீன் திரும்ப வேண்டுமென்றால் தண்ணீர் சுத்தமாக வேண்டும், அணைகளில் ஏறு வழி வேண்டும், முட்டையிடக் கூழாங்கல் படுகை வேண்டும், பிடிப்பதில் கட்டுப்பாடு வேண்டும். எல்லாத் துறையும் ஒரே இலக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. சால்மன் வந்தது. இன்னும் மேல் பகுதி முழுக்கத் தாராளமாக ஏற அணைகள் விடவில்லை, அந்த வேலை இன்னும் நடக்கிறது. வந்ததா இல்லையா என்று எந்தக் குடிமகனும் கேட்க முடிகிற இலக்கு அது. உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே வந்ததா என்று யார் போய்க் கேட்பார்கள்?

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. மீன் செத்த செய்தி வரும்போது முதலில் யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், எந்தெந்த வகை, பெரியதா சின்னதா, வாய் பிளந்திருந்ததா, நண்டும் இறாலும் செத்ததா என்று அங்கே வலை போடுபவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். மாதிரி எடுத்த மணியை அதிகாரியிடம் கேட்டு வாங்கிப் போடுங்கள், மறுநாள் விடியற்காலையில் இன்னொரு மாதிரி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். ஆய்வு முடிவு வந்ததா என்று ஒரு மாதம் கழித்து நாலு வரி போடுங்கள், வராவிட்டால் வரவில்லை என்று போடுங்கள். அணைகளின் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறீர்கள், விவசாயிகள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் மாதம் ஒருமுறையாவது, ஒவ்வொரு ஆற்றிலும் ஓர் இடத்தில், அந்த மாதம் வலையில் வந்த மீன் வகைகளின் பெயர்களை அங்குள்ள மீனவர்கள் சொல்லும் பெயரிலேயே போட இடம் ஒதுக்குங்கள். இந்த மாதம் என்ன வரவில்லை என்பது ஒரு வருஷத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அப்போது கேள்வி கேட்க ஆய்வகத்தின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்